நோவா விட்டது ஒன்றாம் இடமா, இல்லையா?

கணக்குப்பிள்ளை:
கல்லூரியில் கூடைப்பந்து ஆடும் நட்சத்திரம் படிப்பைப் பாதியில் விட்டு என்.பி.ஏ.வுக்கு (அமெரிக்காவின் தொழில்முறை லீக்) போகலாமா என்று பக்கத்து இழையில் ஒரு பையன் கேட்டிருந்தான். அதற்கு நம்ம முதலை06 உதிர்த்த முத்தை இங்கே ஒட்டுகிறேன்: "பணத்தைப் பார்த்து ஓடுகிறவன் ஓடட்டும். ஃபுளோரிடாவின் ஜோகிம் நோவா 2006-ல் போகாமல் கல்லூரிக்குத் திரும்பினார், இன்னொரு கோப்பை வாங்கினார், ஒன்றும் குறைந்துபோகவில்லை."

ஒன்றும் குறைந்துபோகவில்லையாம்.

2006 ஏப்ரல், இண்டியானாபொலிஸ், கல்லூரிக் கோப்பையின் இறுதி ஆட்டம். யூ.சி.எல்.ஏ.வை ஃபுளோரிடா 73-57 என்று அடித்தது. நோவா 16 புள்ளி, 9 ரீபவுண்ட் (தவறிய எறியைப் பிடிப்பது), 6 பிளாக் (எதிரியின் எறியைத் தடுப்பது). சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். என்.பி.ஏ. அணிகள் புதுமுகங்களை வரிசையாக எடுக்கும் டிராஃப்டுக்கு அந்த வாரமே பெயர் கொடுத்திருந்தால் 1-ஆம் இடம். கொடுக்கவில்லை. அடுத்த வருடம் கொடுத்தார், 9-ஆம் இடம்.

புதுமுகங்களுக்கு எந்த இடத்தில் எடுத்தார்களோ அதற்கேற்ற சம்பளம்தான், பெரிதாகப் பேரம் பேச முடியாது. 1995-லிருந்து அப்படித்தான். அதற்கு முந்தின வருடம் கிளென் ராபின்சன் 10 வருடத்துக்கு 68 மில்லியன் டாலர் வாங்கியதைப் பார்த்து உரிமையாளர்கள் மிரண்டுபோய்க் கொண்டுவந்த ஏற்பாடு. 9-ஆம் ஆளுக்கு வருவது 1-ஆம் ஆளுடையதில் பாதிகூட இல்லை. இதைக் குறையவில்லை என்பவர் மளிகைக் கடையில் மீதிச் சில்லறையை எண்ணித்தான் வாங்குவாரா என்று தெரிந்துகொள்ள ஆசை.

முதலை06:
என் பெயரில் தனி இழையே தொடங்கிய கணக்குப்பிள்ளை அண்ணாவுக்கு நன்றி. 2006-ல் நான் ஃபுளோரிடா பல்கலைக்கழகம் இருக்கும் கேய்ன்ஸ்வில்லில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். வென்ற இரவில் யுனிவர்சிட்டி அவென்யூவில் நடக்க இடமில்லாமல் நின்றவர்களில் நானும் ஒருவன். அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பாசம் அதிகம், ஒப்புக்கொள்கிறேன்.

ஒரே கேள்வி. அந்த 1-ஆம் இடத்தை நோவாவுக்கு யார் கொடுத்தார்கள்? அணியின் பெயரைச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
எல்லாரும் சொன்னார்கள். ஏப்ரலில் வந்த கணிப்புகளைப் பார்க்கலாம்.

முதலை06:
"எல்லாரும்" என்ற அணி எந்த ஊரில் ஆடுகிறது?

அரைக்கால்சட்டை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். "சீக்கிரம் போவது" என்றால் எத்தனை வருடம் என்று முதலில் முடிவு செய்துகொள்ளலாமா? கிரெக் ஓடன் ஒரு வருடத்தில் போனார். மைக்கேல் ஜோர்டன் மூன்று வருடம் ஆடிவிட்டு 1984-ல் போனார். டிம் டங்கன் நான்கு வருடமும் முடித்தார். நோவா 2007-ல் போனதும் மூன்றாம் வருடம் முடிந்துதான். அதாவது அவரும் பட்டம் வாங்குவதற்கு முன் போனவர். அப்புறம் அவரை எந்தப் பக்கத்துக்கு உதாரணமாகக் காட்டுகிறீர்கள்?

கணக்குப்பிள்ளை:
முதலைக்கு: ஊர் பெயர் வேண்டுமா? அந்த வருடம் 1-ஆம் இடம் டொராண்டோவிடம் இருந்தது. போதுமா?

முதலை06:
இதற்காகத்தான் காத்திருந்தேன். நோவா திரும்பி வருகிறேன் என்று சொன்னது ஏப்ரலில். யார் முதலில் எடுப்பது என்று போடும் குலுக்கலில் டொராண்டோவுக்கு லாட்டரி விழுந்தது மே மாதக் கடைசியில். யார் கையில் 1-ஆம் இடம் என்றே தெரியாத நாளில் அதை நோவா "விட்டார்" என்கிறீர்கள். வராத பஸ்ஸைத் தவறவிட்டவர் என்று ஒருவரை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

கணக்குப்பிள்ளை:
பஸ் வந்தது. ஜூனில் வந்தது. 1-ஆம் இடம் என்று பலகை மாட்டிக்கொண்டு வந்தது. இவர் நிறுத்தத்தில் இல்லை. 1-லிருந்து 9.

ஸ்காபரோக்குருவி:
எங்கள் ஊர் பெயர் அடிபடுகிறது, அதனால் வாயைத் திறக்க வேண்டியதாகிவிட்டது. அண்ணைமாரே, அந்த 1-ஆம் இடத்தில் ரொறன்ரோ யாரை எடுத்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லக் கூச்சமாக இருக்கும். அந்திரேயா பார்னானி. ஏழடி உயரம். ரீபவுண்ட் எடுக்கக் கை நீட்டினால் விரல் தேய்ந்துவிடும் என்று பயந்த மனிதர். ஏழு வருடம் பார்த்தோம். 2013-இல் நியூ யோர்க்குக்குக் கொடுத்தனுப்பிய அன்று எங்கள் வீட்டில் பாயாசம்.

நோவா 2006-இல் வந்திருந்தால் அந்த ஏழு வருடம் எங்களுக்கு மிச்சம். எனவே சீக்கிரம் வரத்தான் வேண்டும். கணக்குப்பிள்ளை அண்ணை சொல்வது சரி.

கணக்குப்பிள்ளை:
பார்த்தீர்களா, ஊர்க்காரரே சாட்சி.

முதலை06:
சாட்சிக்கு ஒரு குறுக்குக் கேள்வி. 2006 பிப்ரவரியில் டொராண்டோ யாரைத் தலைமை மேலாளராக்கியது? பிரையன் கொலாஞ்ஜெலோவை. அவர் ஜூனில் யாரைக் கூட்டிக்கொண்டு வந்தார்? மவுரிசியோ கெரார்தினியை. கெரார்தினி அதற்கு முன் எங்கே இருந்தார்? இத்தாலி அணியான பெனட்டன் திரெவீசோவில். பார்னானி எந்த அணியில் ஆடினார்? அதே பெனட்டன் திரெவீசோவில். நோவா மட்டுமில்லை, அந்த வருடம் வேறு யார் வந்திருந்தாலும் அவர்கள் பார்னானியைத்தான் எடுத்திருப்பார்கள். அப்படியானால் நோவாவுக்கு 1-ஆம் இடம் எங்கே இருந்தது? மறுபடியும் கேட்கிறேன், யார் கொடுத்தார்கள்?

ஸ்காபரோக்குருவி:
கெரார்தினியை ஞாபகப்படுத்தி இரவுச் சாப்பாட்டைக் கெடுத்துவிட்டீர்கள்.

கணக்குப்பிள்ளை:
சரி, 1 இல்லை, 2 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2-லிருந்து 9 லாபமா? ஆனால் 1-தான். நான் விட்டுக்கொடுத்ததாக யாரும் எழுத வேண்டாம்.

சதுரக்கட்டம்:
அது என்ன "ரொறன்ரோ"? டொராண்டோ என்று எழுதினால் விரல் வலிக்குமா? இரண்டு முறை படித்துத்தான் ஊர் பெயர் என்றே புரிந்தது.

ஸ்காபரோக்குருவி:
தம்பி, அந்த ஊரில் குடியிருப்பவன் நான். கடைப் பலகையிலும் பேப்பரிலும் வானொலியிலும் எங்களுக்கு அது ரொறன்ரோதான். ஊர்க்காரர்களும் இரண்டாவது "ட"வைச் சொல்வதில்லை. நீங்கள் மட்டும் இந்த "ண்டோ"வை எங்கிருந்து கொண்டுவந்தீர்கள்?

சதுரக்கட்டம்:
ஊர்க்காரன் உச்சரிக்கிறபடிதான் எழுத வேண்டும் என்றால் அந்த இத்தாலிக்காரரை "பார்ன்யானி" என்று எழுதுங்கள். "பார்னானி" என்று எழுதியது யார்?

ஸ்காபரோக்குருவி:
அந்த ஆளுக்கு அவ்வளவு மரியாதை போதும்.

மழைநாள்:
ஊர் பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கணக்குப்பிள்ளை ஐயா போன மாதம் வேறொரு இழையில் "நோவா திரும்பி வந்ததெல்லாம் பணக்கார வீட்டுப் பிள்ளையின் சொகுசு" என்று எழுதியிருந்தார். அது இன்னும் எனக்கு ஆறவில்லை. நோவாவின் அப்பா யானிக் நோவா 1983-ல் பிரெஞ்சு ஓப்பன் வென்ற டென்னிஸ்காரர், உண்மை. அவரோடு ஃபுளோரிடாவில் ஆடிய அல் ஹார்ஃபோர்டின் அப்பா டீட்டோவும் டோரியன் கிரீனின் அப்பா சிட்னியும் என்.பி.ஏ.வில் ஆடியவர்கள், அதுவும் உண்மை. ஆனால் ஒன்றாகத் திரும்பி வந்த, அறை நண்பர்களான அந்த நான்கு பேரில் நாலாவது ஆள் ஒருவர் இருக்கிறார். கோரி ப்ரூயர். டென்னசியில் போர்ட்லாந்து என்ற சின்ன ஊர். அப்பா குப்பை அள்ளி வண்டியில் ஏற்றும் தொழில் செய்தார். மகனும் கூடப்போய் அள்ளியிருக்கிறார். அந்தப் பிள்ளையும்தான் திரும்பி வந்தார். அவருக்கு என்ன சொகுசு?

கணக்குப்பிள்ளை:
அம்மா, நான் பேசுவது நோவாவைப் பற்றி.

மழைநாள்:
நான் உங்களுக்கு அம்மா இல்லை. ப்ரூயர் 2007 இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர். டிராஃப்டில் 7-ஆம் இடம். ஹார்ஃபோர்ட் 3-ஆம் இடம். திரும்பி வந்த மூன்று பேர் முதல் பத்துக்குள் போனார்கள். கிரீன் மட்டும் 52. உங்களுக்கு வசதியான ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டு ஆடுகிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:
52! நீங்களே சொல்லிவிட்டீர்கள். நன்றி. ஆனால் நான் பேசுவது நோவா. 2006-ல் ஆட்டத்துக்கு 14.2 புள்ளி. திரும்பி வந்த வருடம் 12. முதல் வருடத்தில் ஆச்சரியமாகத் தெரிந்தது அடுத்த வருடம் குறையாகத் தெரியும். எறியும் முறை கோணல் என்று பேச ஆரம்பித்தார்கள். சந்தைக்குப் புதிதாக வந்த மாம்பழத்துக்குத்தான் விலை. கூடையிலேயே ஒரு வாரம் வைத்தால் கடைக்காரனே அமுக்கிப் பார்ப்பான்.

முதலை06:
14.2-ஐ மட்டும் சொல்கிறீர்களே, ரீபவுண்ட் 7.1-லிருந்து 8.4 ஆனதை ஏன் விழுங்கினீர்கள்? கணக்குப்பிள்ளை என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தை மட்டும் எழுதுகிறீர்கள்.

கட்டாந்தரை:
பொதுவாக நான் படித்துவிட்டுப் போய்விடுவேன். இன்று எழுதத் தோன்றுகிறது. 90-களில் நான் தமிழ்நாட்டில் ஒரு கல்லூரி அணிக்கு ஆடினேன். இரண்டாம் வருடம் முடிந்தபோது ஓர் அரசுத் துறை அணியில் ஆள் எடுத்தார்கள். வேலையோடு சேர்த்து. வா என்றார்கள். கல்லூரியில் "கடைசி வருடமும் ஆடிவிட்டுப் போ, கோப்பை நமக்குத்தான்" என்றார்கள். ஆடினேன். சிமெண்ட் தரை. அரையிறுதியில் குதித்து இறங்கினேன், இடது முழங்காலில் சத்தம் கேட்டது. கோப்பையும் வரவில்லை. துறை அணியில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. கல்லூரிக்காரர்கள் ஒருநாள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார்கள்.

அவ்வளவுதான். இதில் யார் சரி என்று நான் சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை:
ஐயா, இதைத்தான் தொண்டை கிழியக் கத்துகிறேன்! பார்த்தீர்களா முதலை? ஒரு முழங்கால் போதும். 1-லிருந்து 9-க்கு இல்லை, 1-லிருந்து ஒன்றுமில்லாமல் போயிருக்கும். 2019 பிப்ரவரியில் டியூக்கின் ஸயன் வில்லியம்சன் காலில் காலணியே கிழிந்தது. ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒபாமா அரங்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டாந்தரை:
என் முழங்காலை உங்கள் கணக்கில் சேர்க்க வேண்டாம். சொல்லிவிட்டேன்.

முதலை06:
கட்டாந்தரை ஐயாவுக்கு என் வணக்கம். கணக்குப்பிள்ளைக்கு: ஸயன் அடுத்த மாதமே திரும்பி வந்து ஆடினார். அந்த வருடமே 1-ஆம் இடத்தில் போனார். அவர் கதையில் எந்த 9 இருக்கிறது?

கணக்குப்பிள்ளை:
அவர் ஒரு வருடத்தில் போய்விட்டார், அதனால்தான் 1. இதைவிட எளிதாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

முதலை06:
ஒரு வருடத்தில் போன ஓடனைப் பற்றியும் சொல்லுங்கள். 2007-ல் 1-ஆம் இடம். அதே ஏப்ரலில் அட்லாண்டாவில் நாங்கள் 84-75 என்று தோற்கடித்த ஒஹாயோ ஸ்டேட்டின் ஓடன்தான். என்.பி.ஏ.வில் மொத்தமே 105 ஆட்டம் ஆடினார்.

கணக்குப்பிள்ளை:
"நாங்கள்" தோற்கடித்தீர்களா? நீங்கள் எந்த இடத்தில் ஆடினீர்கள்? தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்கும் இடமா?

ஓடன் எனக்குத்தான் சாட்சி. ஜூனில் போர்ட்லாந்து எடுத்தது (ப்ரூயரின் ஊர் இல்லை, ஓரிகனில் இருக்கும் என்.பி.ஏ. அணி). செப்டம்பரில் முழங்காலில் அறுவை. முதல் வருடம் முழுக்க ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ஆனால் சம்பளம் வந்தது. அதே முழங்கால் கல்லூரியிலேயே போயிருந்தால்? ஆப்பிள்தான் வந்திருக்கும்.

கட்டாந்தரை:
மறுபடியும் சேர்க்கிறீர்கள்.

சதுரக்கட்டம்:
இந்த ஒரு வருடக் கதையே லீக் கட்டாயத்தால் வந்தது. பள்ளி முடிந்து ஒரு வருடம் கழிந்தால்தான் டிராஃப்டுக்கு வரலாம், 19 வயதும் ஆகியிருக்க வேண்டும் என்று 2006-லிருந்து விதி. அதற்கு முன் கார்னெட், கோபி, லெப்ரான் மூவரும் பள்ளியிலிருந்து நேரே வந்தார்கள். ஒரு காலத்தில் பள்ளி முடிந்து நான்கு வருடம் காத்திருக்க வேண்டும் என்றிருந்ததை ஸ்பென்சர் ஹேவுட் உச்ச நீதிமன்றம் வரை போய் 1971-ல் உடைத்தார்.

ஸ்காபரோக்குருவி:
இவ்வளவு படித்த தம்பிக்கு ரொறன்ரோ மட்டும் வாயில் நுழையவில்லை.

நெறியாளர்:
எழுத்துக்கூட்டல் பிரச்சினைக்குத் தனி இழை இருக்கிறது. அங்கே 340 பின்னூட்டங்கள் ஏற்கெனவே ஆகிவிட்டன. இங்கே வேண்டாம்.

மழைநாள்:
ஒன்று கேட்கிறேன். 1992-ல் டியூக் செய்ததற்குப் பிறகு அடுத்தடுத்து இரண்டு வருடம் முதலில் கோப்பை வாங்கியது ஃபுளோரிடாதான். அதுவும் அதே ஐந்து பேர் தொடக்க ஆட்டக்காரர்களாக. அதற்கு முன் யாரும் அப்படிச் செய்ததில்லை. 19-லிருந்து 21 வயதுக்குள் இருந்த அறை நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து "இன்னொரு வருடம் இருப்போம்" என்று முடிவெடுத்தார்கள். அதற்கு விலை போடாமல் இருக்க முடியாதா உங்களால்?

கணக்குப்பிள்ளை:
விலை போட்டவர்கள் வேறு. அரங்கில் டிக்கெட்டுக்கு விலை இருந்தது. சட்டைக்கு விலை இருந்தது. தொலைக்காட்சிக்கு விலை இருந்தது. ஆடியவர்களுக்கு மட்டும் பாசம். பயிற்சியாளர் பில்லி டொனவன் என்ன செய்தார்? பிள்ளைகள் போன அதே 2007 கோடையில் ஆர்லாண்டோ மேஜிக் கூப்பிட்டது, சரி என்று கையெழுத்துப் போட்டார்.

முதலை06:
சில நாளிலேயே மனம் மாறித் திரும்பி வந்தாரே, அதைச் சொல்ல வாய் வலிக்கிறதா?

கணக்குப்பிள்ளை:
வந்தார். அவருக்குத் திரும்பி வரச் சம்பளம் இருந்தது. நோவா திரும்பியபோது சம்பளம் எவ்வளவு? சுழி. பெயரையும் முகத்தையும் வைத்து ஆட்டக்காரர்கள் பணம் வாங்கலாம் என்று வழி திறந்ததே 2021 ஜூலையில். கல்லூரியே நேராகக் கொடுக்கத் தொடங்கியது 2025-ல். இன்றைக்கு ஒருவன் திரும்பி வந்தால் அதில் கணக்கு இருக்கிறது, திட்டமாட்டேன். 2006-ல் வந்தது தானதர்மம்.

அரைக்கால்சட்டை:
இதுவரை எழுதியதிலேயே இதுதான் முக்கியமான விஷயம் என்று தோன்றுகிறது. 2021-க்கு முன், பின் என்று பிரித்துப் பேசலாமா? அப்புறம் என் முதல் கேள்வி: "சீக்கிரம்" என்றால் எத்தனை வருடம்?

முதலை06:
தானதர்மமா? நோவா 2010-ல் சிகாகோவோடு 5 வருடத்துக்கு 60 மில்லியன் கையெழுத்திட்டார். 2014-ல் சிறந்த தடுப்பாட்டக்காரர். 2016-ல் நியூயார்க் 4 வருடத்துக்கு 72 மில்லியன் கொடுத்தது. தெருவில் நிற்கவில்லை மனிதர்.

கணக்குப்பிள்ளை:
அந்த 60-ம் 72-ம் ஒவ்வொரு வருடம் முன்னாலேயே வந்திருக்கும். புதுமுக ஒப்பந்தம் எப்போது தொடங்குகிறதோ அப்போதுதான் அடுத்த பெரிய ஒப்பந்தத்துக்குக் கடிகாரம் ஓடத் தொடங்கும். இது என் கண்டுபிடிப்பு இல்லை, எல்லா முகவரும் முதல் நாள் சொல்லும் பாடம். கிடைத்ததைக் காட்டிக் கிடைக்காததை மறைக்காதீர்கள். 1-லிருந்து 9.

ஸ்காபரோக்குருவி:
நியூ யோர்க் கொடுத்த 72 மில்லியனைப் பற்றிக் கதைக்க வேண்டாம். 2018-இல் நோவாவையே விலக்கிவிட்டார்கள். பார்னானியையும் அவர்கள்தான் வாங்கினார்கள். எங்களுக்குத் தொல்லை தந்தவரையும் எங்களுக்குக் கிடைக்காதவரையும் ஒரே கடையில் விற்றிருக்கிறார்கள்.

படிப்பைப் பற்றிச் சொன்னீர்களே, எங்களிடம் வின்ஸ் கார்ட்டர் என்று ஒருவர் இருந்தார். மூன்று வருடத்தில் கல்லூரியை விட்டு 1998-இல் வந்தவர். பிறகு விட்டதை முடித்தார். எப்போது பட்டமளிப்பு? 2001 மே 20 காலை, வட கரோலினாவில். அன்று பின்னேரம் ஃபிலடெல்ஃபியாவில் பிளேஆஃப் தொடரின் கடைசி, ஏழாவது ஆட்டம். விமானத்தில் பறந்து வந்து ஆடினார். கடைசி எறி அவர் கையில். விழவில்லை. 88-87. அன்றிலிருந்து எனக்குப் பட்டமளிப்பு விழா என்றாலே ஒவ்வாமை. மகளின் விழாவுக்கே மனைவி பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

மழைநாள்:
எறி தவறியதற்குப் பட்டமா காரணம்? அந்த ஆட்டத்தில் 20 புள்ளி எடுத்தவர் அவர். கொடுத்த வாக்கைக் காப்பாற்றப் போனவரை 20 வருடமாகத் திட்டுகிறீர்கள்.

ஸ்காபரோக்குருவி:
ஓம், திட்டுவேன். முதலிலேயே நாலு வருடமும் இருந்து முடித்திருந்தால் அன்று காலையில் எங்கும் போகத் தேவையில்லை.

முதலை06:
ஆகா! அப்படியானால் சீக்கிரம் போகக் கூடாது என்கிறீர்கள். கணக்குப்பிள்ளையின் சாட்சி என் பக்கம் வந்துவிட்டார். எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்காபரோக்குருவி:
நான் ஒருவர் பக்கமும் இல்லை. நான் ரொறன்ரோ பக்கம். நோவா சீக்கிரம் வந்திருக்க வேண்டும், கார்ட்டர் பிந்தி வந்திருக்க வேண்டும், பார்னானி வந்திருக்கவே கூடாது.

கணக்குப்பிள்ளை:
முதலை, சாட்சியைப் பிடித்து இழுப்பதை விடுங்கள். நேரான கேள்வி. 1 பெரிதா 9 பெரிதா? பதில் ஒரே எண்ணில் வேண்டும்.

முதலை06:
2.

கணக்குப்பிள்ளை:
என்ன 2?

முதலை06:
கோப்பை. 2006, 2007. ஒரே எண் கேட்டீர்கள், கொடுத்துவிட்டேன். தூங்கப் போகிறேன், காலையில் வேலை இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
கோப்பை அலமாரியில் இருக்கும். அது கல்லூரி அலமாரி. போய்த் தூங்குங்கள். அந்த 1-ஆம் இடத்துக்கு இன்னும் பதில் வரவில்லை என்பதை இங்கேயே பதிவு செய்து வைக்கிறேன்.

முதலை06:
தூக்கம் வரவில்லை. யார் கொடுத்தார்கள்? எந்த அணி?

கணக்குப்பிள்ளை:
டொராண்டோ.

ஸ்காபரோக்குருவி:
ரொறன்ரோ.

அரைக்கால்சட்டை:
மூன்றாம் முறையாகக் கேட்கிறேன், "சீக்கிரம்" என்றால்

நெறியாளர்:
ஊர் பெயரைப் பற்றி எழுதிய பின்னூட்டங்களை நீக்கப் போகிறேன். அரைக்கால்சட்டை, நீங்களும் இழைக்குத் தொடர்பானதை மட்டும் எழுதுங்கள்.